வீட்டு சர்வருக்கு எந்த ரெய்டு அமைப்பு? தேர்விலிருந்து டிஸ்க் மாற்றுவது வரை முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒரு சர்வர் வைக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ரெய்டு 5 போடலாமா, 6 போடலாமா?" என்பதுதான். ரெய்டு என்றால் பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே சேமிப்பாக இயக்கும் முறை; 5, 6 என்பவை அதன் வகைகள். எந்த வகை என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு டிஸ்க் போகும் அன்று என்ன நடக்கும் என்று முதலில் யோசித்துவிட்டால், எண் தானாக வந்து நிற்கும். அன்று நீங்கள் வீட்டில் இருப்பீர்களா? மாற்று டிஸ்க் கையில் இருக்குமா? பெட்டியைத் திறந்ததும் போனது எது என்று தெரியுமா? புது டிஸ்கில் தரவு திரும்ப எழுதி முடிய எத்தனை மணி நேரம் ஆகும்? அதற்குள் இன்னொன்றும் போனால் எதை இழப்பீர்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொண்டே ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: பேக்கப்பை முதலில் முடியுங்கள்

ரெய்டு ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் உதவும்: ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் நிற்காமல் ஓடும். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அது எல்லா டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். ரான்சம்வேர் வந்தாலும் அப்படியே. பவர் சப்ளை கெட்டு உயர் மின்னழுத்தம் பாய்ந்தால் ஒரே பெட்டியில் இருக்கும் நான்கு டிஸ்கும் ஒன்றாகப் போகலாம். திருட்டு, தீ, தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பீட்டர் குரோ என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதி இதற்கு இன்றும் போதுமானது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறு இடத்தில். ரெய்டில் எத்தனை டிஸ்க் இருந்தாலும் இந்தக் கணக்கில் அது ஒரே பிரதிதான்.

இரண்டே டிஸ்க் வாங்கத்தான் வசதி இருக்கிறது என்றால் ரெய்டே போடாதீர்கள். ஒன்றை சர்வரில் வைத்து, மற்றதில் பேக்கப் எடுத்து, அதை முடிந்தவரை சர்வரை விட்டுத் தள்ளி வையுங்கள். டிஸ்க் போனால் அரை நாள் சர்வர் நிற்கும், பரவாயில்லை. மிரர் (ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதும் ரெய்டு) போட்டுவிட்டு பேக்கப் இல்லாமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். மூன்றாவது டிஸ்க் வாங்கும்போது மிரருக்கு மாறிக்கொள்ளலாம்.

படி 2: என்ன தரவு, எவ்வளவு என்று பாருங்கள்

எல்லாத் தரவுக்கும் ஒரே பாதுகாப்பு தேவையில்லை. இழந்தால் திரும்பக் கிடைக்காதவை ஒரு பக்கம்: குடும்பப் படங்கள், ஆவணங்கள், நீங்களே எழுதியவை. இன்னொரு பக்கம், நேரம் செலவழித்தால் திரும்பச் சேர்த்துவிடக்கூடியவை: வீடியோ தொகுப்பு, இறக்கிய மென்பொருள்கள். மூன்றாவதாக, எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியவை: மெய்நிகர் இயந்திரங்கள், டேட்டாபேஸ்கள், வீட்டுத் தானியங்கி அமைப்புகள். பலருக்கு முதல் வகை 1 டெராபைட் (டிபி) அளவுகூட வராது, இரண்டாவது வகைதான் டிஸ்கை நிரப்பும். அதாவது விலைமதிப்பற்றது சிறியது, பெரியது திரும்பக் கிடைக்கக்கூடியது. இது தெரிந்தால் செலவு பாதியாகக் குறையும்.

இன்றைய அளவை மூன்று ஆண்டு வளர்ச்சியோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்க் பெட்டியில் 4 டிபி என்று போட்டிருப்பது பத்தின் மடங்குக் கணக்கு. பல மென்பொருள்கள் இரண்டின் மடங்குக் கணக்கில் அதை 3.64 என்று காட்டும். 16 டிபி டிஸ்க் 14.55 என்று வரும். அதற்கு மேல் 80% நிரம்பியதும் புது இடம் தேட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக இசட்எஃப்எஸ் (ஐந்தாம் படியில் வரும் சேமிப்பு மென்பொருள்) போடுவதாக இருந்தால்.

படி 3: பெட்டியும் இணைப்பும்

எத்தனை டிஸ்க் உள்ளே போகும் என்பது பல தேர்வுகளை உங்களுக்குப் பதிலாக முடிவு செய்துவிடும். இரண்டு இடம் மட்டும் இருக்கும் பெட்டியில் மிரரைத் தவிர வேறு பேச்சே இல்லை.

டிஸ்குகளை மதர்போர்டின் சாட்டா போர்ட்டுகளில் நேராக இணைப்பதே நல்லது. போர்ட் போதவில்லை என்றால், பழைய சர்வர்களில் இருந்து கழற்றி விற்கப்படும் எல்எஸ்ஐ வகை ஹெச்பிஏ கார்டுகளில் (கூடுதல் டிஸ்குகளை இணைக்க உதவும் கார்டுகள்) ஒன்றை ஐடி மோடு ஃபர்ம்வேரோடு வாங்கலாம். ஐடி மோடு என்றால் கார்டு தன் சொந்த ரெய்டு வேலையைச் செய்யாமல், ஒவ்வொரு டிஸ்கையும் அப்படியே இயங்குதளத்திடம் கொடுத்துவிடும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஒரே போர்ட்டைப் பல டிஸ்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் போர்ட் மல்டிபிளையர்கள் வேண்டாம். யுஎஸ்பி பெட்டிகளில் ரெய்டு கட்டுவதும் வேண்டாம். இணைப்பு ஒரு நொடி அறுந்தால்கூட எல்லா டிஸ்கும் ஒன்றாகக் காணாமல் போகும், அப்புறம் எது புதியது எது பழையது என்று அமைப்பு திணறும். பேக்கப் டிஸ்க் யுஎஸ்பியில் இருக்கலாம், அதில் தவறில்லை.

மதர்போர்டின் பயாஸில் "ரெய்டு" என்று ஒரு வசதி இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். மதர்போர்டு போனால் அதே வகையைத் தேடி அலைய வேண்டி வரும். தனி ஹார்ட்வேர் ரெய்டு கார்டுக்கும் இதே சிக்கல் உண்டு. மென்பொருள் ரெய்டில் டிஸ்குகளைக் கழற்றி அதே மென்பொருள் ஓடும் வேறு எந்தக் கணினியில் சொருகினாலும் தரவு எழுந்து வரும். வீட்டுக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

பவர் சப்ளையையும் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். எட்டு டிஸ்க் ஒரே நேரத்தில் எழுந்தால் அது 190 வாட்டைத் தாண்டும்.

படி 4: எத்தனை டிஸ்க் சாவைத் தாங்க வேண்டும்?

இப்போதுதான் எண்களுக்கு வருகிறோம். ரெய்டு அடுக்குகளை 1988-இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகியோர் வரிசைப்படுத்தினார்கள். அன்று அவர்கள் எடுத்துக்காட்டிய சிறிய டிஸ்கின் கொள்ளளவு 100 மெகாபைட், வேகம் நொடிக்கு 1 மெகாபைட் அளவு. முழு டிஸ்கையும் படிக்க இரண்டு நிமிடம் போதும். இன்று 16 டிபி டிஸ்கை நொடிக்கு சராசரி 180 மெகாபைட் வேகத்தில் எழுதினால் ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். அதுவும் சர்வருக்கு வேறு வேலையே இல்லாமல் இருந்தால். கொள்ளளவு வளர்ந்த அளவுக்கு வேகம் வளரவில்லை. ஆகவே ஒரு டிஸ்க் போன பிறகு பாதுகாப்பில்லாமல் கிடக்கும் நேரம் நிமிடங்களிலிருந்து நாட்களாகிவிட்டது. ரெய்டைப் பற்றிய பழைய அறிவுரைகள் பல இன்று பொருந்தாமல் போனது இதனால்தான்.

மிரர், அதாவது ரெய்டு 1. ஒரே தரவு இரண்டு டிஸ்கிலும். பாதி இடம் போகும். ஆனால் புரிந்துகொள்ள எளிது, சரிசெய்ய எளிது, மாற்றும்போது ஒரே ஒரு டிஸ்கைப் படித்தால் போதும்.

ஒற்றைப் பாரிட்டி, அதாவது ரெய்டு 5, இசட்எஃப்எஸ்ஸில் ரெய்டுஇசட்1. 5, 7, 2 என்ற மூன்று எண்களோடு அவற்றின் கூட்டுத்தொகை 14-ஐயும் எழுதி வைத்தால், எந்த ஒன்று அழிந்தாலும் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? பாரிட்டி செய்வது ஏறக்குறைய அதுதான், பிட் அளவில். ஒரு டிஸ்க் அளவுக்குத்தான் இடம் போகும். நான்கு 8 டிபி டிஸ்கில் 24 டிபி கிடைக்கும். ஆனால் ஒன்று போனால், அதை மீட்க மீதி மூன்றையும் முழுக்கப் படிக்க வேண்டும். அந்த நேரத்தில் மூன்றில் எது தடுமாறினாலும் சிக்கல்.

இங்கே ஒரு பிரபலமான பயமுறுத்தல் உண்டு. பல டிஸ்குகளின் விவரக்குறிப்பில், ஒரு கோடி கோடி பிட் படித்தால் அதிகபட்சம் ஒரு பிழை வரலாம் என்று போட்டிருக்கும். அது 12.5 டிபி. ரெய்டு 5-ஐ மீட்க 24 டிபி படிக்க வேண்டும் என்றால் பிழை வந்தே தீரும், மீட்பு தோற்றே தீரும் என்பார்கள். அந்த எண் உற்பத்தியாளர் தரும் மேல் வரம்பு. நல்ல நிலையில் இருக்கும் டிஸ்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஒரு இடத்தில் பிழை வந்தாலும் இசட்எஃப்எஸ் எந்த ஃபைல் கெட்டது என்று பெயரைச் சொல்லிவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்து மீட்கும். நான் ஒற்றைப் பாரிட்டியைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கு இல்லை. நீண்ட மீட்பு நேரமும், ஒரே வயதுள்ள டிஸ்குகள் ஒன்றை ஒன்று தொடர்ந்து போவதும்தான் காரணம். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இரட்டைப் பாரிட்டி, அதாவது ரெய்டு 6 அல்லது ரெய்டுஇசட்2. எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். நான்கு 8 டிபியில் 16 டிபி, ஆறு டிஸ்கில் 32 டிபி.

மிரர் ஜோடிகள், அதாவது ரெய்டு 10. நான்கு 8 டிபியில் இதுவும் 16 டிபிதான். ஒரு டிஸ்க் போன பிறகு மீதி மூன்றில் அதன் ஜோடி போனால் எல்லாம் போச்சு. மற்ற இரண்டில் ஒன்று போனால் தப்பிக்கலாம்.

அப்படியானால் நான்கு டிஸ்கில் எதை எடுப்பது? இடம் சமம். இரட்டைப் பாரிட்டி எந்த இரண்டையும் தாங்கும் என்பதால் காகிதத்தில் அதுவே ஜெயிக்கும். ஆனால் மிரர் ஜோடிகளில் மீட்பு வேகம், பிறகு இரண்டு இரண்டாக டிஸ்க் சேர்த்து வளர்க்கலாம், ஒரு ஜோடியை மட்டும் பெரிய டிஸ்குகளாக மாற்றலாம். பேக்கப் சரியாக ஓடுகிறது, நீங்களும் பக்கத்திலேயே இருக்கிறீர்கள் என்றால் மிரர் ஜோடிகள். வாரக்கணக்கில் யாரும் தொடாமல் சர்வர் தனியாகக் கிடக்கும் என்றால் இரட்டைப் பாரிட்டி. ஆறு டிஸ்க் அதற்கு மேல் என்றால் யோசிக்காமல் இரட்டைப் பாரிட்டி. ஒற்றைப் பாரிட்டி, 4 டிபி அளவுக்குள் இருக்கும் மூன்று நான்கு டிஸ்குகளுக்கு, அதுவும் திரும்பக் கிடைக்கும் தரவுக்கு மட்டும்.

வேகத்துக்காக ரெய்டு 10 போடுகிறேன் என்பவர்கள் தங்கள் நெட்வொர்க்கை ஒருமுறை பார்க்க வேண்டும். 1 கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 115 மெகாபைட் அளவுதான் போகும். பெரிய ஃபைல்களுக்கு ஒற்றை டிஸ்கே அதை நிரப்பிவிடும். ரெய்டு 0 என்று ஒன்று இருக்கிறது. அதில் பாதுகாப்பே இல்லை, ஒன்று போனால் எல்லாம் போகும், எனவே இங்கே அதற்கு இடமில்லை.

படி 5: மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

இசட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்து 2005-இல் திறமூலமானது, இப்போது ஓப்பன்இசட்எஃப்எஸ் திட்டமாக வளர்கிறது. ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் செக்சம், அதாவது சரிபார்க்கும் எண், வைத்திருக்கும். டிஸ்க் தவறான தரவைக் கொடுத்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொன்னாலும் கண்டுபிடித்து, நல்ல பிரதியிலிருந்து திருத்திவிடும். படங்களும் ஆவணங்களும் ஆண்டுக்கணக்கில் தொடாமல் கிடக்கும் வீட்டுச் சேமிப்புக்கு இதுதான் மிக முக்கியமான குணம். ஒரு நேரத்தில் தரவு இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுப்பது எளிது. தவறுதலாக அழித்த ஃபைலை அதிலிருந்து எடுத்துவிடலாம்.

1 டிபிக்கு 1 ஜிபி ரேம் வேண்டும் என்ற பேச்சைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். சும்மா ஃபைல் வைத்து எடுக்கும் சர்வருக்கு 8 ஜிபி போதும். ஒரே தரவு பல முறை வந்தால் ஒருமுறை மட்டும் சேமிக்கும் டீடூப்ளிகேஷன் வசதியை இயக்கினால்தான் ரேம் பசி எடுக்கும், அதை வீட்டில் இயக்கவே வேண்டாம். பிழை திருத்தும் ஈசிசி ரேம் இருந்தால் நல்லது, இல்லை என்பதற்காக இசட்எஃப்எஸ்ஸை விடத் தேவையில்லை.

அதன் குறை, வளர்ப்பதில் இருக்கும் கண்டிப்பு. ரெய்டுஇசட் தொகுப்பில் ஒற்றை டிஸ்கைச் சேர்த்து விரிவாக்கும் வசதி 2025 ஜனவரியில் வந்த 2.3 பதிப்பில்தான் வந்தது. அப்போதும் ரெய்டுஇசட்1-ஐ ரெய்டுஇசட்2 ஆக மாற்ற முடியாது. பழைய தரவு, திரும்ப எழுதப்படும்வரை, பழைய விகிதத்திலேயே இருக்கும். ஆகவே பாரிட்டி எத்தனை என்பதை முதல் நாளே சரியாக முடிவு செய்ய வேண்டும்.

பிடிஆர்எஃப்எஸ். லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. இதற்கும் செக்சம், ஸ்னாப்ஷாட் எல்லாம் உண்டு. இதன் ரெய்டு 1 வித்தியாசமானது: ஒவ்வொரு துண்டும் ஏதாவது இரண்டு டிஸ்கில் இருக்கும், அவ்வளவுதான் நிபந்தனை. அதனால் 4, 4, 8 டிபி என்று மூன்று வெவ்வேறு டிஸ்குகளைச் சேர்த்தாலும் 8 டிபி கிடைக்கும். கையில் இருக்கும் கலவையான டிஸ்குகளுக்கு இது அருமை. ஆனால் இதன் ரெய்டு 5, 6 முறைகளைப் பயன்படுத்தாதீர்கள்; எழுதும் நடுவில் மின்சாரம் போனால் பாரிட்டியும் தரவும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும் பழைய சிக்கல் இன்னும் தீரவில்லை, ஆவணமே எச்சரிக்கிறது.

எம்டிஏடிஎம். லினக்ஸின் பழைய, உறுதியான மென்பொருள் ரெய்டு. மிரரில் தொடங்கி 5, பிறகு 6 என்று மாற்றிக்கொண்டே போகலாம். ரேம் அதிகம் கேட்காது. ஆனால் செக்சம் இல்லை. இரண்டு பிரதிகள் வேறுபட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது. பல தயார் நிலைச் சேமிப்புப் பெட்டிகளுக்குள்ளும் இதுதான் ஓடுகிறது. சினாலஜியின் எஸ்ஹெச்ஆர்கூட இதன் மேல், இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் வைத்துக் கட்டியதே.

ஸ்னாப்ரெய்டு. பெரிய வீடியோ தொகுப்புக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு டிஸ்கும் தன்னளவில் சாதாரண டிஸ்காக இருக்கும், கழற்றி வேறு கணினியில் சொருகிப் படிக்கலாம். தனி டிஸ்கில் பாரிட்டி கணக்கிடப்படும், ஆனால் நீங்கள் சிங்க் (பாரிட்டியைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டும்போது மட்டும், உதாரணமாக இரவில் ஒருமுறை. தாங்கும் அளவுக்கு மேல் டிஸ்குகள் போனாலும், போன டிஸ்கில் இருந்தவை மட்டும்தான் போகும். பாரிட்டி டிஸ்க், தரவு டிஸ்குகளில் பெரியதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. மெர்ஜர்எஃப்எஸ்ஸைச் சேர்த்தால் எல்லாம் ஒரே ஃபோல்டராகத் தெரியும். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் டேட்டாபேஸுக்கும் மெய்நிகர் இயந்திரங்களுக்கும் இது உதவாது. இதே எண்ணத்தை, உடனுக்குடன் எழுதும் பாரிட்டியோடும் அழகான திரையோடும் வேண்டுமென்றால் அன்ரெய்டு இருக்கிறது. அதற்கு உரிமக் கட்டணம் உண்டு.

இரண்டாம் படியில் தரவைப் பிரித்தது இங்கேதான் பயன்படும். படங்களும் ஆவணங்களும் இரண்டு டிஸ்க் இசட்எஃப்எஸ் மிரரில், வீடியோக்கள் தனியாக ஸ்னாப்ரெய்டில் என்று ஒரே சர்வரில் இரண்டையும் வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பெரிய தொகுப்பில் போட்டே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

படி 6: டிஸ்க் வாங்கும்போது

முதலில் சிஎம்ஆர் வகையா, எஸ்எம்ஆர் வகையா என்று பாருங்கள். சிஎம்ஆர் டிஸ்குகளில் தரவு எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும், எஸ்எம்ஆர் டிஸ்குகளில் அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவற்றையும் திரும்ப எழுத வேண்டும். தொடர்ந்து எழுதும் ரெய்டு மீட்பின்போது வேகம் படுத்துவிடும், சில நேரம் டிஸ்க் பதில் சொல்லாமல் தொகுப்பிலிருந்தே வெளியேற்றப்படும். 2020 ஏப்ரலில், வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்குகளில் சொல்லாமலே எஸ்எம்ஆர் பயன்படுத்தியது வெளிவந்து பெரிய சர்ச்சை ஆனது. அதன் பிறகு நிறுவனங்கள் மாடல் வாரியாகப் பட்டியல் வெளியிட்டன. வாங்கும் முன் மாடல் எண்ணை அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள். ஸ்னாப்ரெய்டின் தரவு டிஸ்காகவோ பேக்கப் டிஸ்காகவோ எஸ்எம்ஆர் இருப்பது பரவாயில்லை.

அடுத்தது, பிழை வந்தால் டிஸ்க் எவ்வளவு நேரம் முயற்சி செய்யும் என்பது. நேஸ் வகை (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கான) டிஸ்குகள் பொதுவாக 7 நொடியில் கைவிட்டு ரெய்டிடம் சொல்லிவிடும். சாதாரண மேசைக் கணினி டிஸ்க் அதைவிட நெடுநேரம் போராடலாம். லினக்ஸ் வழக்கமாகக் காத்திருப்பது 30 நொடி. அதைத் தாண்டினால் டிஸ்கை ரீசெட் செய்யப் பார்க்கும், நல்ல டிஸ்க்கூடத் தொகுப்பிலிருந்து கழன்றுவிடலாம். ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் எஸ்சிடி இஆர்சி என்று இந்த நேரம் தெரியும். பல டிஸ்குகளில் அதை மாற்றவும் முடியும், ஆனால் சிலவற்றில் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் திரும்ப அமைக்க வேண்டும்.

எல்லா டிஸ்கையும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்காதீர்கள். ஒரே தொகுதியில் ஒரே குறை இருக்கலாம். இதற்கு ஒரு கடுமையான எடுத்துக்காட்டு: 2019 நவம்பரில், தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் ஃபர்ம்வேர் பிழையால் செத்துவிடும் என்று சர்வர் நிறுவனமான ஹெச்பிஇ அறிவித்தது. ஒரே நாளில் பொருத்திய நான்கும் ஒரே நேரத்தில் சாகும். எந்த ரெய்டும் அதைத் தாங்காது. மிரருக்கு இரண்டு நிறுவனங்களின் டிஸ்கைக் கலப்பது நல்ல பழக்கம். கொள்ளளவு ஒத்திருந்தால் போதும்.

படி 7: பொருத்தும் முன் சோதனை

புது டிஸ்க் என்றால் நல்ல டிஸ்க் என்று அர்த்தமில்லை. முதலில் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே கண்காணிக்கும் வசதி) தரும் நீண்ட சோதனையை ஓட்டுங்கள். பிறகு பேட்பிளாக்ஸ் கருவியால் முழுவதும் எழுதிப் படித்துப் பாருங்கள். இது டிஸ்கில் இருப்பதை அழித்துவிடும், அதனால் காலி டிஸ்கில் மட்டும். நான்கு முறை எழுதி நான்கு முறை படிக்கும் என்பதால் 16 டிபி டிஸ்குக்கு எட்டு நாள் அளவு ஆகும். பொறுமை இல்லாதவர்கள் ஒரே சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். 4 டிபிக்கு மேல் என்றால் பிளாக் அளவை 4096 என்று கொடுக்காவிட்டால் ஓடாது.

முடிந்ததும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு (கெட்ட இடங்களைக் குறிப்பவை) எதிரே பூஜ்யம் இருக்க வேண்டும். இருக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள். இணைப்புப் பிழையைக் குறிக்கும் 199 ஏறினால் டிஸ்கைத் திட்ட வேண்டாம், பெரும்பாலும் கேபிள்தான் காரணம்.

இப்போது சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைச் சீட்டில் எழுதி, டிஸ்க் உள்ளே இருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியும் முனையில் ஒட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. டிஸ்க் போன பிறகு நல்ல டிஸ்கைப் பிடுங்கிவிடுவதுதான் வீட்டு ரெய்டுகளை அழிக்கும் தவறுகளில் முதலிடம் பெற வேண்டியது.

படி 8: கட்டுவது

தொகுப்பை உருவாக்கும்போது, லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களைக் கொடுக்காதீர்கள். கேபிள் மாறினால் அவையும் மாறும். சீரியல் எண் அடங்கிய ஐடி பெயர்களைக் கொடுங்கள். இசட்எஃப்எஸ்ஸில், டிஸ்கின் பிளாக் அளவைக் குறிக்கும் ஏஷிஃப்ட் மதிப்பை 12 என்று வையுங்கள், பின்னால் மாற்ற முடியாத அமைப்பு அது. சுருக்கத்தை எல்இசட்4 முறையில் இயக்கிவிடுங்கள், செலவில்லாத லாபம்.

எழுதுவதையும் படிப்பதையும் வேகப்படுத்த எஸ்லாக், எல்2ஆர்க் என்று எஸ்எஸ்டிகளைச் சேர்க்கும் ஆசை வரும். வீட்டில் பெரும்பாலும் பயனில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு பேக்கப் டிஸ்க் வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ரெய்டுஇசட் தொகுப்பு இருக்கும் பூலில் (இசட்எஃப்எஸ்ஸின் மொத்தச் சேமிப்பு) இடம் போதவில்லை என்று ஒற்றை டிஸ்கை "ஆட்" கட்டளையால் சேர்க்கப் போனால், இசட்எஃப்எஸ் மறுக்கும். வற்புறுத்தும் விருப்பத்தைக் கொடுத்தால் கேட்டுக்கொள்ளும். அதன் பிறகு அந்த ஒற்றை டிஸ்கைக் கழற்ற வழியில்லை. அது போனால் பூல் முழுவதும் போகும். மறுப்பு வந்தால் கையை எடுத்துவிட்டு ஆவணத்தைப் படியுங்கள்.

படி 9: சொல்லாமல் சாக விடாதீர்கள்

மிரரில் ஒரு டிஸ்க் போனால் எதுவும் நடக்காதது போலவே சர்வர் ஓடும். அதற்காகத்தானே போட்டோம். ஆனால் அது உங்களுக்குத் தெரியாவிட்டால், இரண்டாவது போகும் நாளில்தான் முதல் டிஸ்க் எப்போதோ போனது தெரியவரும். ஆகவே மின்னஞ்சல் அல்லது கைப்பேசி அறிவிப்பு கட்டாயம். ஸ்மார்ட்டி சேவை டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும். இசட்எஃப்எஸ்ஸுக்கு இசட்இடி, எம்டிஏடிஎம்முக்கு அதன் மானிட்டர் முறை. அமைத்தால் மட்டும் போதாது, சோதனைச் செய்தி உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

மாதம் ஒருமுறை ஸ்கிரப், அதாவது எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் வேலை, ஓட வேண்டும். தொடாமல் கிடக்கும் இடங்களில் உள்ள பிழைகள், மீட்பு நடக்கும் ஆபத்தான நேரத்தில் தலைகாட்டாமல், முன்பே வெளியே வர இதுதான் வழி. டெபியனிலும் உபுண்டுவிலும் இசட்எஃப்எஸ், எம்டிஏடிஎம் இரண்டுக்கும் இது தானாகவே அமைந்திருக்கும். பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு நீங்கள்தான் நேர அட்டவணை போட வேண்டும்.

மின்வெட்டு சகஜமான இடம் என்றால் யுபிஎஸ் வேண்டும். யுஎஸ்பி கேபிளால் சர்வரோடு இணைத்து, பேட்டரி குறைந்ததும் தானாக அணையும்படி என்யுடி மென்பொருளை அமைத்துவிடுங்கள்.

படி 10: ஒத்திகையும் நிஜமும்

தரவு ஏற்றும் முன் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். சில ஃபைல்களைப் போட்டு, சர்வரை அணைத்து, ஒரு டிஸ்கின் கேபிளைக் கழற்றி, திரும்ப இயக்குங்கள். அறிவிப்பு வந்ததா? காட்டிய சீரியல் எண்ணும் நீங்கள் கழற்றியதும் ஒன்றா? பிறகு அந்த டிஸ்கைச் சுத்தமாக அழித்து, புது டிஸ்க் போலப் பொருத்தி, மாற்றும் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஓட்டிய கட்டளைகளைக் காகிதத்தில் எழுதி பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள்; சர்வரில் சேமித்தால் தேவைப்படும் நேரத்தில் திறக்க முடியாமல் போகலாம்.

நிஜமாகவே டிஸ்க் போகும் நாளில் முதல் வேலை டிஸ்க் மாற்றுவது இல்லை. கடைசி பேக்கப் எப்போது என்று பார்த்து, அதற்குப் பிறகு மாறிய முக்கியமான ஃபைல்களை முதலில் வெளியே எடுங்கள். மீட்பு என்பது மீதி டிஸ்குகளுக்குக் கடுமையான வேலை, அதைத் தொடங்கும் முன் இது முடிந்திருக்க வேண்டும். ஸ்னாப்ரெய்டு என்றால் தானாக ஓடும் சிங்க்கை உடனே நிறுத்துங்கள், பழைய பாரிட்டிதான் உங்கள் பிடிமானம்.

அப்புறம் கேபிளைச் சந்தேகப்படுங்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் கேபிளை மாற்றி, போர்ட்டை மாற்றிப் பாருங்கள். 5, 197, 198 ஏறியிருந்தால் டிஸ்க்தான். ஆனால் அது இன்னும் அரைகுறையாக ஓடுகிறது என்றால் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். காலியாக ஒரு போர்ட் இருந்தால் புது டிஸ்கை அதில் சொருகி, பழையதும் உள்ளே இருக்கும்போதே மாற்றும் கட்டளையைக் கொடுங்கள். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், எம்டிஏடிஎம் மூன்றிலும் இது முடியும். மற்ற டிஸ்குகளில் ஏதாவது ஒரு இடம் படிக்காமல் போனாலும், பழைய டிஸ்கிலிருந்து அந்த ஒரு துண்டு கிடைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. ஒரு போர்ட்டைக் காலியாக விட்டு வைப்பதும், சோதித்து முடித்த ஒரு டிஸ்கை அலமாரியில் வைப்பதும் இந்த நாளுக்காகத்தான். புது டிஸ்க் பழையதைவிடச் சிறிதளவு சின்னதாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம், அதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்பு ஓடும்போது சர்வருக்கு வேறு பெரிய வேலை கொடுக்காதீர்கள், டிஸ்க் வெப்பநிலையைக் கவனியுங்கள். முடிந்ததும் ஒரு ஸ்கிரப். பிழை இல்லை என்று வந்த பிறகே பழைய டிஸ்கைக் கழற்றுங்கள். அதை உத்தரவாதத்தில் திருப்பி அனுப்புவதானால் முழுக்க அழித்துவிட்டு அனுப்புங்கள். எழுதவே முடியாத அளவுக்குப் போன டிஸ்கை அழிக்க முடியாது, உள்ளே படங்களும் ஆவணங்களும் அப்படியே இருக்கும். அந்தக் கவலை வேண்டாம் என்பவர்கள் எட்டாம் படியிலேயே குறியாக்கத்தை இயக்கி, சாவியின் பிரதியை சர்வருக்கு வெளியே வைத்திருக்க வேண்டும்.